ஜெசிந்தாவின் தேயிலை நின்றுபோன விதம்

1

போன ஈஸ்டர் விடுமுறைக்கு மகள் வீட்டுக்கு வந்தபோது எனக்கென்று ஒரு தேயிலைப் பொட்டலம் வாங்கி வந்தாள். அவள் படிக்கிற ஊரில் விலை கூடிய சாமான்கள் மட்டும் விற்கிற சின்னக் கடை ஒன்று இருக்கிறதாம். காலில் இருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அதை மேசையில் வைத்தாள்.

"அம்மா, பாருங்கோ. இந்த அன்ட்டி உங்கட ஊர். பதுளை எண்டு போட்டிருக்கு."

மகளின் பெயர் மதுரா, வயது பத்தொன்பது. அவள் பேசுவது அவளுடைய அப்பாவின் யாழ்ப்பாணத் தமிழ். இந்த ஊரில் நடக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடத்திலும் அதைத்தான் கற்றாள். என்னுடைய "போறேன், வாங்க, சாப்புட்டீங்களா" எதுவும் அவள் வாயில் ஒட்டவில்லை. நான் பேசுவதைக் கேட்டு இங்கே பலர் "நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்பார்கள். இருபத்திரண்டு வருடமாக அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பொட்டலத்தில் ஒரு பெண்ணின் படம் இருந்தது. முன்நெற்றியில் நரை. மேல்வரிசையில் ஒரு பல் பக்கத்துப் பல்லின்மேல் ஏறி நிற்கிறது, அதை மறைக்காமல் சிரிக்கிறாள். கீழே ஆங்கிலத்தில் தோட்டத்தின் பெயர், பதுளை, ஊவா மாகாணம், அப்புறம் அவளுடைய பெயர். ஜெசிந்தா.

"இவவைத் தெரியுமோ?" என்றாள் மதுரா.

"ஒரே லயம். ரெண்டு காம்பரா தள்ளி."

"அம்மா! ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?"

அன்றைக்குத்தான் என் மகள் முதல் தடவையாக லயத்தை, தோட்டத்து வரிசை வீடுகளை, பற்றிக் கேட்டாள். எத்தனை பேர் இருந்தீர்கள், தண்ணீர் எங்கே பிடித்தீர்கள், அட்டை கடித்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு மணித்தியாலம் கேட்டாள். ஒவ்வொரு கேள்வியும் "ஜெசிந்தா அன்ட்டி" என்று தொடங்கியது. நான் அதே பீலியில் தண்ணீர் பிடித்தவள் என்பது அவளுக்கு ஒரு துணைச் செய்தி மாதிரித்தான் இருந்தது.

பிறகு தேயிலையை ஊற்றிக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்ததும், காற்றடிக்கிற மாதங்களில் பதுளைப் பக்கத்துக் கொழுந்துக்கு மட்டும் வருகிற அந்த வாசம் மூக்கில் ஏறியது. கெட்டிக்காரி என்று மனதுக்குள் சொன்னேன்.

"எப்பிடி?" என்று கேட்டாள் மதுரா.

"பரவாயில்ல," என்றேன்.

2

நாங்கள் இருந்த தோட்டத்துக்குப் பெயர் கல்மந்தெனிய. லுணுகலையிலிருந்து மேலே ஏறுகிற பாதையில் இருக்கிறது. நானும் ஜெசிந்தாவும் ஏ.எல். என்கிற உயர்தர வகுப்பு படிக்கப் பதுளைக்குப் போனோம். பிபிலையிலிருந்து வருகிற பஸ் எங்கள் சந்திக்கு வரும்போதே நிரம்பியிருக்கும். பசறை வரைக்கும் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு நான் அவளுக்குக் கணக்கியல் சொல்லிக் கொடுப்பேன். வகுப்பில் நான் முதலாவது. அவள் எட்டாவதோ ஒன்பதாவதோ. அவளுடைய கொப்பியில் இருந்த பாதி என் எழுத்து.

பரீட்சையில் நான் பாஸ், அவள் பெயில். அவள் மேரி மாதா கோயிலுக்குப் பக்கத்தில் பாலர் வகுப்பு எடுக்கப் போனாள். எனக்கு இங்கிலாந்து மாப்பிள்ளை வந்தார்.

வந்தார் என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டேன். விசாவுக்கு ஒன்பது மாதம் அலைந்தேன். என் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஆங்கில 'ஜீ' எழுத்தில் தொடங்குகிறது, அடையாள அட்டையில் 'கே' எழுத்தில். தமிழில் கோகிலாவுக்கு ஒரே ஒரு 'க'தான். தோட்டத்துப் பெயர்களைப் பதிந்தவர்கள் அவரவர் காதுக்குக் கேட்டபடி எழுதிவிட்டுப் போனார்கள். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று சத்தியக் கடதாசி முடித்து, கிராம சேவகர், பிரதேச செயலகம், கொழும்பு என்று போய்வந்தேன். ஒவ்வொரு மேசையிலும், நான்தான் நான் என்று அழாத குறையாகச் சொன்னேன். அப்போதெல்லாம் கூட வந்தவள் ஜெசிந்தா. பதுளையில் ரயில், எங்கள் பேச்சில் கோச்சி, பிடித்துக் கொழும்புக்குப் போன அன்றைக்கு எனக்கும் சேர்த்து ரொட்டி கட்டிக்கொண்டு வந்தாள்.

நான் புறப்பட்டபோது தோட்டமே என்னைப் பொறாமையாகப் பார்த்தது. எனக்கு அது பிடித்திருந்தது. இன்றைக்கு அதை ஒளிக்க என்ன இருக்கிறது?

3

இங்கே நான் பார்க்கிற வேலை உங்களுக்கு விளங்கவேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. கிழக்குக் கரையில் ஒரு துறைமுகம். வெளிநாட்டிலிருந்து வருகிற சாமான்களுக்குச் சுங்கப் பத்திரம் தயாரிக்கிற சின்னக் கம்பனி ஒன்றில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். முதலாளியின் பெயர் டேவிட், நல்ல மனிதர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மாலை, வழக்கம்போல "போயிட்டு வாறேன்" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். மனுசன் நான் திரும்பி வருவேன் என்று கதவைப் பூட்டாமல் முக்கால் மணித்தியாலம் காத்திருந்தார். அடுத்தநாள் அவர் சிரிக்கவில்லை. அதனால் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

இரண்டு நாடுகளுக்கு நடுவில் என்ன போகிறது, என்ன வருகிறது என்று ஒவ்வொரு நாளும் என் கையால் தட்டச்சு செய்கிறேன். இங்கிருந்து அங்கே போகிற எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. இயந்திரம் என்றால் செய்த கம்பனியின் பெயர், மருந்து என்றால் அதன் முத்திரை. அங்கிருந்து இங்கே வருவதற்குப் பெரும்பாலும் எடை மட்டும்தான். கறுப்புத் தேயிலை, மொத்தமாக, இத்தனை சாக்கு. அது இங்கே கென்யாத் தேயிலையோடும் இந்தியத் தேயிலையோடும் கலந்து, இந்த நாட்டுப் பெயர் ஒன்றை ஒட்டிக்கொண்டு கடைக்குப் போகும். கலந்தபிறகு எது லுணுகலைக் கொழுந்து என்று கடவுளுக்கும் தெரியாது. விலை கூடுவதெல்லாம் அந்தக் கலவைக்கும் பெட்டிக்கும் அப்புறம்தான்.

ஆரம்பத்தில் இது எனக்குக் கோபமாக இருந்தது. போகப் போக அதில் ஓர் ஆறுதல் கிடைத்தது. எங்கள் பக்கத்திலிருந்து வருகிற எதற்கும் யாருக்கும் இங்கே பெயர் கிடையாது, எனக்கும் இல்லை, அதுதான் வழமை என்று இருந்துவிட்டேன். அந்த ஆறுதலைத்தான் மகள் கொண்டுவந்த பொட்டலம் கெடுத்தது.

கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்தேன். கம்பனி கைவிட்ட ஒரு மலையைச் சில குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஜெசிந்தா பத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு அங்கே மருந்தடிக்காமல் கொழுந்து வளர்க்கிறாள். பச்சைக் கொழுந்தைப் பெரிய தொழிற்சாலைக்கு விற்காமல் ஒரு கொட்டகையில் தாங்களே வாட்டி, உருட்டி, பொட்டலம் கட்டி அனுப்புகிறார்கள். ஒரு படத்தில் அவள் யாரோ வெள்ளைக்காரப் பெண்ணுக்குத் தேயிலையை உள்ளங்கையில் வைத்துக் காட்டுகிறாள். அந்தப் பெண் குனிந்து, மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இந்த நாட்டில் ஒருவரும் என்னிடம் அப்படிக் குனிந்து எதையும் கேட்டதில்லை.

"உமக்கு என்ன நடந்தது? முகம் ஒரு மாதிரி இருக்கு," என்றார் என் கணவர். தலையிடி என்றேன்.

4

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை டேவிட் ஒரு கோப்போடு என் மேசைக்கு வந்தார். பொட்டலம் கட்டிய தேயிலை, இலங்கை. அனுப்புநர் இடத்தில் ஜெசிந்தாவின் பெயரைப் பார்த்தேன்.

இயற்கை முறையில் விளைந்தது என்று சொல்லி விற்கிற எந்தச் சாமானுக்கும் கூடவே ஒரு சான்றிதழ் வரவேண்டும். அதில் உள்ளதும் மற்றப் பத்திரங்களில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து பொருந்தவேண்டும். ஜெசிந்தாவின் சான்றிதழில் கல்மந்தெனிய 'ஜீ' எழுத்தில் தொடங்கியது. அவர்கள் தட்டச்சு செய்து அனுப்பிய பட்டியலில் 'கே'. அந்தக் கொட்டகையில் யாரோ ஒரு பிள்ளை, தமிழில் எழுதுகிற மாதிரியே நினைத்து அடித்திருக்கிறது.

"ரெண்டு வேற தோட்டம் மாதிரி இருக்கு," என்றார் டேவிட் ஆங்கிலத்தில். "இது உங்கள் ஊர்ப் பக்கம்தானே கோகிலா? ரெண்டும் ஒரே இடமா?"

அந்தத் துறைமுகம் முழுக்கத் தேடினாலும் இதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். நான் பிறந்த இடம் அது. 'ஆமாம், ஒரே இடம், எங்கள் மொழியில் ஒரே எழுத்து' என்று சொல்லியிருந்தால், அவர் அதிகாரிகளுக்கு விளக்கம் எழுதியிருப்பார். அன்றைக்கே முடிந்திருக்கும்.

"நிச்சயமாச் சொல்ல முடியல," என்றேன். "திருத்தின சான்றிதழ் கேட்கிறதுதான் நல்லது."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் தேநீர் ஊற்றப் போனேன். உள்ளே ஒரு சின்னச் சந்தோஷம்கூட இருந்தது. நான் அலைந்த மாதிரி அவளும் கொஞ்சம் அலையட்டும் என்று நினைத்தேன். என்னோடு கூட அலைந்தவளே அவள்தான் என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. வந்தது. வந்தும் அப்படித்தான் நினைத்தேன்.

கொழும்பில் வெசாக் விடுமுறை. சான்றிதழ் கொடுக்கிற இடம் பூட்டிக் கிடந்தது. திறந்தபிறகும், கப்பல் ஏறிய சாமானுக்கு எப்படித் திருத்துவது என்று அவர்கள் யோசித்தார்கள். பெட்டிகள் துறைமுகக் கிடங்கில் நின்றன. மத்தியானம் சாப்பிடப் போகும்போது அந்தக் கிடங்கைத் தாண்டித்தான் போகவேண்டும். நான் மற்றப் பக்கத்தால் சுற்றிப் போனேன்.

5

இரண்டு கிழமை கழித்து ஒரு மாலை மதுரா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். இதற்கிடையில் அவள் ஜெசிந்தாவை எப்படியோ தேடிப் பிடித்துப் பேசத் தொடங்கியிருந்தாள். கோடை விடுமுறைக்கு அங்கே போய் ஒரு மாதம் நிற்கப் போவதாகவும் முடிவு செய்திருந்தாள். நான் எத்தனையோ தடவை கூப்பிட்டும் வராத ஊருக்கு.

"அம்மா, ஜெசி அன்ட்டியின்ர தேயிலை இங்க ஏதோ போர்ட்டில மறிச்சு வச்சிருக்கினமாம். உங்கட வேலைதானே இது? கேட்டுச் சொல்லுறீங்களோ?"

ஜெசிந்தா அனுப்பிய குரல் பதிவைப் போட்டாள். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டேன். கொஞ்சம் கரகரத்திருந்தது.

"மதுரா கண்ணு, கோகிகிட்ட மட்டும் ஒரு வார்த்த கேட்டுப் பாரும்மா. அவளுக்கு இந்தப் பேப்பரு வெவகாரமெல்லாம் தண்ணிபட்ட பாடு. நாங்க எதுவும் தப்பு பண்ணல. ஒரு எழுத்து மாறிப்போச்சாம். அந்தக் கடக்காரரு ஒரு சந்தைக்குன்னு கேட்ட சாமான். தேதி தாண்டிருச்சின்னா எடுக்கமாட்டாரு. கோகி பாத்தா சரியாயிரும்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

எந்தத் துறைமுகம், எந்த மேசை என்று அவளுக்குத் தெரியாது. என் கெட்டிக்காரத்தனத்தை மட்டும் இன்னமும் நம்பிக்கொண்டிருந்தாள்.

அடுத்தநாள் காலையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் டேவிட்டின் அறைக்குப் போனேன். "அந்த ரெண்டு தோட்டமும் ஒன்றுதான். எனக்கு அன்றைக்கே தெரியும்," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ ஏன் சொல்லவில்லை?"

"அவள் என்னோடு படித்தவள். பக்கத்து வீடு."

அவருடைய முகம் தெளிந்தது. "ஓ, அப்படியா. தெரிந்தவருடைய கோப்பில் தலையிடாமல் ஒதுங்கியிருக்கிறீர்கள். சரியான காரியம் கோகிலா. எல்லாரும் அப்படி இருக்கமாட்டார்கள்."

நான் வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் தொலைபேசியை எடுத்துவிட்டார். கடைக்காரர் முந்தின நாளே கைகழுவிவிட்டாராம். சான்றிதழ் இல்லாத சாமானை வெறும் தேயிலையாக வெளியே எடுக்கலாம் என்று விதி இருக்கிறது. அப்படி எடுத்து, பொட்டலங்களைப் பிரித்து, உள்ளே இருக்கிறதைத் தேயிலை கலக்கிற ஒருவருக்குக் குறைந்த விலைக்குக் கொடுக்க அவரே பேசி முடித்துவிட்டாராம். புதுப் பத்திரத்தை யாராவது தயாரிக்கவேண்டும். அது என் வேலை. தோட்டத்தின் பெயருக்கு அந்தப் பத்திரத்தில் இடம் இல்லை. கறுப்புத் தேயிலை, மொத்தமாக என்று அடித்து, எடையைப் போட்டு, கீழே என் பெயரை எழுதினேன்.

6

டேவிட் தந்த நற்சான்றிதழோடு நான் இருந்திருக்கலாம். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. இரண்டு நாள் இருந்தும் பார்த்தேன். சனிக்கிழமை காலை, கணவர் கடைக்குப் போனபிறகு, மதுராவிடம் வாங்கிய இலக்கத்துக்கு எடுத்தேன். அங்கே பின்னேரம்.

"யாரு?"

"கோகி."

"கோகியா! அடி பாவி, எங்கடி போன இத்தன வருஷம்!" என்று கத்தினாள். பின்னால் பெண்கள் பேசுகிற சத்தம். அவள் கத்தி முடிக்கவிடாமல் சொல்லிவிட்டேன். அந்த மேசை என்னுடையது, கேட்டார்கள், தெரிந்தும் தெரியாது என்றேன், இப்போது தேயிலை போய்விட்டது.

"எதுக்குடி?" என்றாள்.

"பொறாம."

"எதப் பாத்து? எங்கிட்ட என்னடி இருக்கு? வீட்டுக்காரருக்குக் கால் வெளங்கல. உருட்டுற மெசின் மாசத்துல பாதி நாள் நின்னுபோகுது. மழ பேஞ்சா கொட்டகைக்குள்ள கொட பிடிக்கிறோம். எதப் பாத்து பொறாமப்பட்ட?"

"ஒம் பேரு இருக்கு, அந்தப் பொட்டலத்துல. எம் மக அத எங்கிட்ட கொண்டாந்து காட்டினா."

"இங்க பத்து பொம்பளைங்க உக்காந்திருக்காங்க," என்றாள். "கோகி பாத்துக்குவான்னு நாந்தான் சொன்னேன். இப்ப நான் என்னத்தச் சொல்ல? நீயே சொல்லு. ஸ்பீக்கர்ல போடுறேன்."

போட்டுவிட்டாள். அங்கே பேச்சுச் சத்தம் அடங்கியது. நான் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் இந்தத் தடவை 'பொறாமை' என்ற சொல்லை முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லவேண்டியிருந்தது.

ஒரு பெண் கேட்டாள், கோபமில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிய மாதிரி: "நீங்க நல்லாத்தானங்க இருக்கீங்க அங்க? எங்க கொழுந்த எதுக்குங்க நிப்பாட்டுனீங்க?"

"மன்னிச்சிருங்க," என்றேன். ஸ்பீக்கரை எடுத்துவிட்டு ஜெசிந்தா மறுபடி பேசினாள். குரல் தாழ்ந்திருந்தது.

"இனிமே அனுப்புறதுக்கு முன்னாடி பேப்பரெல்லாம் ஒனக்கு வரும். ஒரு எழுத்து விடாமப் பாத்துச் சொல்லணும். செய்வியா?"

"செய்றேன்."

"மக வரட்டும். அவ மேல எனக்கு ஒன்னுமில்ல. ஆனா நீ இப்ப வராத கோகி. ஒன்னப் பாக்க எனக்கு இன்னும் மனசு வரல."

7

மதுரா ஜூலையில் போனாள். போகுமுன் அவளுக்கும் சொல்லிவிட்டேன். அவள் கேட்டுவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விமானநிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்தபோது கொஞ்சம் விறைப்பாக இருந்தாள். ஆனாலும் கட்டிப்பிடித்தாள்.

ஜெசிந்தாவின் ஏற்றுமதிப் பத்திரங்கள் இப்போது எனக்கு வருகின்றன. அலுவலகத்துக்குப் போகுமுன் சமையலறையில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்கிறேன். ஜூனில் முதலாவதாக வந்தவற்றில் மூன்று பிழை பிடித்தேன். திருத்தி அனுப்பினால் "கிடைத்தது" என்று ஒரு சொல் வரும். அதற்கு மேல் இல்லை.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். இப்போது அது வேறு இடத்தில் பிடித்திருக்கிறது. மதுரா கிழமைக்கு இரண்டு தடவை எடுப்பாள். முதல் கிழமை "ஜெசி அன்ட்டி" என்றாள். மூன்றாவது கிழமை "சித்தி" ஆகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை எடுத்தபோது ஊவா மலைக் காற்று தொலைபேசிக்குள் இரைந்தது.

"அம்மா, நல்லா இருக்கேன். இப்பதான் கொழுந்து எடை போட்டுட்டு வந்தேன். சாப்புட்டீங்களா?"

அவளுடைய வாயிலிருந்து என் அம்மாவின் தமிழ் வந்தது. பத்தொன்பது வருடம் நான் ஊட்டிப் பார்த்தும் ஏறாததை, நான்கு கிழமையில் ஜெசிந்தா கொடுத்துவிட்டாள். சந்தோஷப்படவேண்டிய இடம் என்று தெரிந்தது. வயிறு எரிந்தது.

"நீங்க எப்பம்மா வருவீங்க?" என்று கேட்டாள்.

"சித்திகிட்ட கேளு," என்றேன்.

அவள் தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே கொட்டகைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் இயந்திரம் ஓடுகிற சத்தம். கேள்வி போனது எனக்குக் கேட்டது. பிறகு, எனக்கும் கேட்கட்டும் என்கிற மாதிரி, ஜெசிந்தா உரக்கச் சொன்னாள்:

"இப்ப கையொழியாது. சீசன் முடியட்டும்னு சொல்லு."

காற்றடிக்கிற சீசன் செப்டெம்பரோடு முடியும். திங்கட்கிழமை காலை டேவிட்டின் மேசைக்குப் போய், ஒக்டோபர் முதல் இரண்டு கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தேன்.